காத்து 66

எலைஜா தன் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் அலுவலகத்துக்கு மாடியேறி வந்தபோது நான் மூன்றாவது வடையில் இருந்தேன். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு நாணயமாற்றுக் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் அறை. லீலா மேடம், அவருடைய மேசை, நான் என்று மூன்று பொருள்கள் இருந்தாலே அதில் இடம் தீர்ந்துவிடும். இப்போது சைக்கிளும் உள்ளே வந்துவிட்டது.

"கீழேயே பூட்டி வச்சிருக்கலாமே தம்பி," என்றேன்.

"இதை வச்சுத்தான்ணே விஷயத்தைச் சொல்லணும்."

என் பெயர் ஆம்ப்ரோஸ். குவீன்ஸ்டவுன்காரன். எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. இந்தக் கதைக்கு அந்த எண் தேவைப்படுகிறது, அதனால்தான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். லீலா மேடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருபது வருடம் பொய் பிடிக்கிற வேலை பார்த்துவிட்டு, இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறார். நான் அவருடைய உதவியாளர். அப்படி என்ன உதவி என்று அவரே சில நாள் கேட்பதுண்டு.

எலைஜாவுக்கு முப்பது வயது. ரேஸ் கோர்ஸ் சாலையில் தங்கராஜுவின் சைக்கிள் கடையில் ஒன்பது வருடமாக மெக்கானிக். நான்கு நாளாக அவனை ஊரே திட்டிக்கொண்டிருந்தது. காரணம் ரித்திக்.

ரித்திக்கை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பகலில் வங்கி வேலை, மற்ற நேரமெல்லாம் 'காட்டுப்பாதை ராஜா' என்ற பெயரில் வீடியோ. நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். நாற்பதாயிரம் பேருக்கும் வேறு வேலை இல்லை என்று தெரிகிறது. போன சனிக்கிழமை தங்கராஜு கடையில் புது மவுண்டன் பைக் எடுத்தான். ஞாயிறு காலை செஸ்ட்நட் காட்டுப் பாதையில் ஒரு மேட்டிலிருந்து குதித்தானாம். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் முழுசாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டதாம். தோள் எலும்பு முறிந்தது. திங்கட்கிழமை இரவு, கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு, மெக்கானிக்கின் பெயரைச் சொல்லி ஒரு வீடியோ போட்டான். நடுவில் இரண்டு இடத்தில் தொண்டை அடைத்தது. அந்த இரண்டு இடத்திலும் வெளிச்சம் நன்றாகவே விழுந்திருந்தது.

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள நான் ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போடணும்," என்றான் எலைஜா. "'என் கவனக்குறைவால்தான் விபத்து'ன்னு பாஸே டைப் பண்ணி வச்சிருக்காரு. போட்டா ரித்திக் போலீஸுக்குப் போக மாட்டாராம். ஆனா அந்த லெட்டர் வெளியே வந்தா இந்த ஊர்ல எந்தக் கடையும் என்னைச் சேர்க்காதுக்கா. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான்."

சொல்லும்போது அவன் கை பிரேக் கம்பியைத் தானாகவே சரிசெய்துகொண்டிருந்தது.

"நீ என்ன செட் பண்ணினே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார் மேடம்.

"அண்ணே, ஏறி உட்காருங்க."

உட்கார்ந்தேன். சைக்கிளின் முன்பகுதி என்னைப் பார்த்து முழங்காலிட்டது.

"பாத்தீங்களா? இது என் எடைக்கு வச்சது, அறுபது கிலோ. ஃபோர்க்குக்கு உள்ளே இருக்கிற காத்துதான் ஸ்பிரிங். ஆளோட எடைக்கு ஏத்த மாதிரி அடிக்கணும். குறைஞ்சா இப்படி இறங்கிடும். கூடினா கல்லு மாதிரி நிக்கும், கை கடுத்துப் போகும்."

மீட்டர் வைத்த ஒரு குட்டி பம்பை ஃபோர்க்கின் தலையில் திருகி, அடிக்க ஆரம்பித்தான். மீட்டரில் PSI என்ற அளவு எண்பது, தொண்ணூறு என்று ஏறிக்கொண்டே போனது.

"ஆம்ப்ரோஸ், பெட்ரோல் பங்க்ல கேட்டுப் பார்க்கலாமா?" என்றார் மேடம்.

ஃபோர்க்கின் மேல்பகுதி வழுவழுப்பான இரண்டு கறுப்புக் குழாய்கள். கால் என்கிறான் எலைஜா. அந்தக் கால்கள் கீழே இருக்கிற தடித்த குழாய்களுக்குள் இறங்கி ஏறும். இடது காலில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருந்தது. அதைக் கீழே, தூசு தடுக்கிற சீல் வரைக்கும் இறக்கிவிட்டு, என்னை அலுங்காமல் ஏறி அலுங்காமல் இறங்கச் சொன்னான். இறங்கிப் பார்த்தால் வளையம் மூன்று சென்டிமீட்டர் மேலே நின்றது.

"கால் உள்ளே போகப் போக, சீல் இந்த வளையத்தை மேலே தள்ளிட்டே போகும். ஃபோர்க் எவ்வளவு இறங்குச்சோ அங்கேயே வளையம் நின்னுடும். மொத்தம் பதினஞ்சு சென்டிமீட்டர்ல மூணு இறங்கினா சரியான காத்துன்னு அர்த்தம். அப்புறம் கீழே இந்தச் சிவப்புத் திருகு. அமுங்கின ஃபோர்க் எவ்வளவு வேகத்துல திரும்பி வரணும்கறதுக்கு. ரொம்ப வேகமா வந்தா ஆளைத் தூக்கி எறியும். அவருக்கு எட்டு கிளிக் வச்சேன்."

"வளையம் தானா இறங்குமா?"

"இறங்காதுக்கா. கையாலதான் இறக்கணும்."

"ஏறுமா?"

"ஃபோர்க் இறங்கினா ஏறும். இல்லேன்னா அதுவும் கையாலதான்."

சனிக்கிழமை கடையில் ரித்திக்கையும் இப்படியே உட்காரவைத்து, மூன்று சென்டிமீட்டரில் வளையத்தை நிறுத்தினானாம். அன்று மாலை அவனுக்கு அனுப்பிய செய்தியையும் காட்டினான். 'காத்து 66 PSI. எல்லாம் ஓக்கே. ஓட்டலாம் சார்.'

"இப்ப பாஸ் செக் பண்ணினா முப்பதுதான் இருக்காம்," என்றான், குரல் இறங்கிப்போய்.

"காத்தை யார் வேணும்னாலும் பிடுங்கி விடலாம்," என்று மேடம் பையை எடுத்துக்கொண்டார். "வளையத்தைப் போய்ப் பார்ப்போம்."

*

தங்கராஜு வாசலிலேயே கும்பிட்டார். கும்பிடுகிற கையிலேயே கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை: காத்தோங் கிளைத் திறப்பு விழா, சிறப்பு விருந்தினர் 'காட்டுப்பாதை ராஜா' ரித்திக். படத்தில் ரித்திக் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தான். தலையில் போட்டால் முடி கலைந்துவிடும் அல்லவா!

"பையன் நல்லவன்தான் மேடம். ஆனா கவனம் பத்தாது," என்றார். "நாலு மணிக்கு வந்து சைன் பண்ணிட்டா பிரச்சினை முடிஞ்சுது லா. நான் வேற என்ன கேக்குறேன்?"

"விபத்துக்கு அப்புறம் சைக்கிளை யாரெல்லாம் தொட்டாங்க?"

"திங்கக்கிழமை காலையில ரித்திக் வேன்ல கொண்டுவந்து இங்கே விட்டுட்டாரு. அப்பவே எலைஜாவை வீட்டுக்கு அனுப்பிட்டேன். என்னைத் தவிர யாரும் தொடலை. சாவி என் இடுப்புலதான்."

சைக்கிள் கடைசிச் சுவரில், வலது பக்கம் சுவரோடு ஒட்டினபடி சாய்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். இடது காலில் வளையம் உச்சியில் நின்றது. பதினைந்து சென்டிமீட்டரும் இறங்கியிருக்கிறது. ரித்திக் சொன்னது அப்படியே சரி.

"பாத்தீங்களா? சாட்சி," என்றார் தங்கராஜு. அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆம்ப்ரோஸ், நாலு பக்கமும் போட்டோ எடு," என்றார் மேடம், ஒன்றுமே நடக்காததுபோல.

நான் ஒல்லியாக இல்லாததால் சைக்கிளைத் திருப்பித்தான் மறுபக்கம் போக முடிந்தது. வலது காலின் நடுவில், வழுவழுத்த கறுப்பின் மேல், காய்ந்துபோன சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

"இதென்ன பாஸ், சைக்கிளுக்கும் பொட்டா?"

தங்கராஜு நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம கடை வழக்கம். என் கையால பொட்டு வைக்காம எந்த வண்டியும் வாசலைத் தாண்டாது. ரெண்டு கால்லயும் வைப்பேன். எலைஜா செட் பண்ணி முடிச்சதும் கடைசியா நான்."

"இதுக்கு எப்ப வச்சீங்க?"

"சனிக்கிழமை. ரித்திக் வீடியோகூட எடுத்தாரு. அப்புறம் வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாரு."

மேடம் "நல்ல வழக்கம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். இரண்டே கால் ஆகியிருந்தது.

*

தஞ்சோங் பகாரில் ரித்திக்கின் வீடு முப்பத்தோராவது மாடி. மண்பாதையைச் சின்னத் திரையில் மட்டும் பார்த்து வாழ நல்ல உயரம். கதவைத் திறந்தவன் ஒரு கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். இன்னொரு கை தொட்டிலில்.

"உள்ளே வாங்க ஆன்ட்டி."

லீலா மேடத்தை ஆன்ட்டி என்று கூப்பிட்டவர்களில் இதுவரை யாரும் நன்றாக இருந்ததில்லை. நான் மகிழ்ச்சியோடு சோபாவில் உட்கார்ந்தேன்.

கூடத்தில் எல்லாம் அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது, ஒரு படத்தைத் தவிர. சட்டம் போட்ட கடற்கரைப் படம், கூரைக்கு ஒரு சாண் கீழே தொங்கியது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. அதற்கு நேர் கீழே தரைப்பலகையில் புதிதாக ஒரு பள்ளம்.

"ஞாயித்துக்கிழமை புகைமூட்டம் மோசமா இருந்துச்சே," என்று மேடம் மெதுவாக ஆரம்பித்தார். "அளவு நூத்தம்பதைத் தாண்டிடுச்சு. வாக்கிங் போறவங்ககூட வீட்டுக்குள்ள இருந்தாங்க. நீங்க எப்படிக் காட்டுக்குப் போனீங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன் ஆன்ட்டி! இதுவும் அந்த மெக்கானிக் பண்ண வேலைதான்." போனை எடுத்து நீட்டினான். "சாட்டர்டே ஈவ்னிங் அவனே மெசேஜ் பண்றான், பாருங்க. காத்து 66 PSI, ஓட்டலாம்னு. ஹேஸ் குறைஞ்சிடுச்சு, சிக்ஸ்டி சிக்ஸ்தான்னு நம்பித்தானே நான் போனேன்? ரீடிங்கூட ஒழுங்கா பார்க்கத் தெரியலை. ஃபோர்க்கை எப்படி ஒழுங்கா பார்ப்பான்?"

எனக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. இருமல்போல மாற்றிக்கொண்டேன். இந்த ஊரில் புகைமூட்டத்தின் அளவையும் PSI என்றுதான் சொல்கிறோம், பம்பின் மீட்டரிலும் PSI என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் எட்டாயிரம் வெள்ளி கொடுத்துச் சைக்கிள் வாங்கிய காட்டுப்பாதை ராஜாவுக்கு, தன் சைக்கிளுக்குள் காற்று இருக்கிறது என்பதே தெரியாது! மெக்கானிக் தினமும் வானிலை அறிக்கை அனுப்புவான் என்று நினைத்திருக்கிறான்.

"ரித்திக்," என்றார் மேடம், "அது உங்க ஃபோர்க்குல அடிச்ச காத்து."

அவன் முகத்தைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

"ஆம்ப்ரோஸ், அந்தப் படத்தைக் கழட்டு."

நாற்காலியில் ஏறினேன். நாற்காலி முனகியது. படத்துக்குப் பின்னால் இரண்டு திருகாணி ஓட்டைகள், விரல் நுழையும் அளவுக்குப் பெயர்ந்துபோன காரை. போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"சைக்கிளைச் சுவத்துல மாட்டப் பாத்தீங்க," என்றார் மேடம். "வீடியோவுக்குப் பின்னணியா. கொக்கி பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. சைக்கிள் உங்க தோள்ல விழுந்துச்சு."

ரித்திக் முடியைச் சரிசெய்யத் தூக்கிய கையைக் கீழே போட்டான். பிறகு, வீடியோவில் வராத ஒரு குரலில் சொன்னான். "வீட்டுல தொங்கவிட்ட சைக்கிள் மேல விழுந்துதுன்னு எப்படிச் சொல்றது? நான் காட்டுப்பாதை ராஜா. ட்ரெயில்ல விழுந்தேன்னு ஸ்டேட்டஸ் போட்டேன். நீங்க எப்படி விழலாம்னு எல்லாரும் கேட்டாங்க. தங்கராஜு அங்கிள்கிட்டயும் ட்ரெயில்னுதான் சொன்னேன். ஃபோர்க்தான் காரணமா இருக்கும்னு அவரே சொன்னாரு. அதையே நானும் சொல்லிட்டேன்."

ஒரு மனிதனின் பிழைப்பை விடத் தன் பட்டப்பெயர் பெரிது என்று நினைத்தவன் அழகாக உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு நாற்காலியிலிருந்து இறங்கவே மனமில்லை. இன்னும் கொஞ்சம் மேலேயிருந்து அவனைப் பார்க்கவேண்டும்போல இருந்தது.

"அப்புறம் எதுக்கு ரிங்கை மேலே தள்ளினீங்க?" என்று கேட்டார் மேடம்.

"ரிங்கா?" அவன் நல்ல கையின் விரல்களை விரித்துக் காட்டினான். "நான் ரிங்கே போடறதில்லையே ஆன்ட்டி."

மேடம் எழுந்தார். "ஆறு மணிக்குள்ள இன்னொரு வீடியோ. சுவத்து ஓட்டையோட. நீங்க எடுக்கலேன்னா ஆம்ப்ரோஸ் எடுத்த போட்டோ போதும்."

*

ரயிலில் எனக்கு இடம் கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை.

"குற்றவாளி மாட்டிட்டான், கேஸ் முடிஞ்சுது. அப்புறம் ஏன் மேடம் உங்க முகம் இப்படி இருக்கு?"

"அவனுக்கு வளையம்னா என்னன்னே தெரியாது ஆம்ப்ரோஸ். அப்ப அதை மேலே தள்ளினது யாரு? வளையம் எதைக் காட்டும்னு தெரிஞ்ச ஆள்தானே தள்ளியிருக்கணும்?"

நான் விரல் விட்டு எண்ணினேன். திங்கட்கிழமைக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டவர்கள் எத்தனை பேர்? ஒரே விரலோடு நின்றுவிட்டது.

கடைக்குள் நுழையும்போது நாலுக்கு ஐந்து நிமிடம். எலைஜா கல்லா முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் பேனா. தங்கராஜு அவன் தோளைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "போட்டுரு லா. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பேனாவைக் கீழே வை," என்றார் மேடம். "தங்கராஜு, ரித்திக் இந்த சைக்கிளை ஒரு தடவைகூட ஓட்டலை. வீட்டுச் சுவத்துல மாட்டும்போது மேலே விழுந்துச்சாம். அவரே சொல்லிட்டாரு."

தங்கராஜு வாயைப் பிளந்தார். நன்றாகவே நடித்தார். "அடப்பாவி! என்னையும் ஏமாத்திட்டானா? எனக்கு எப்படித் தெரியும் மேடம்? வளையம் மேலே இருந்துச்சே!"

"ஆமா, இடது கால்ல மேலேதான் இருக்கு. ஆம்ப்ரோஸ், சைக்கிளைத் திருப்பு."

திருப்பினேன். வலது காலில் பொட்டு, சனிக்கிழமை வைத்த மாதிரியே, வட்டம் கலையாமல் இருந்தது.

"ஃபோர்க் முழுசா இறங்கியிருந்தா ரெண்டு காலும்தான் உள்ளே போயிருக்கும். சீல் இந்தச் சந்தனத்தை வழிச்சு எடுத்திருக்கும். இங்கே பொட்டு அப்படியே இருக்கு. இடது கால்ல மட்டும் பொட்டைக் காணோம், துடைச்சிருக்கு. இடது கால் மட்டும் தனியா குதிச்சுதா தங்கராஜு?"

எலைஜா குனிந்து பார்த்தான். ஒரு கால், பிறகு மறு கால். அவனுக்கு விளக்கவே தேவைப்படவில்லை.

"காத்தை முப்பதுக்கு இறக்கிட்டு, வளையத்தைக் கட்டை விரலால மேலே தள்ளினீங்க. வழியில நீங்க வச்ச பொட்டே குறுக்கே வந்து அப்பிக்கிச்சு. துடைச்சீங்க. சுவத்துப் பக்கம் இன்னொண்ணு இருக்கிறதை மறந்துட்டீங்க," என்றார் மேடம். "திங்கட்கிழமை காலையிலேயே உங்களுக்குத் தெரியும், இந்த வண்டி ஓடவே இல்லைன்னு. மூணு சென்டிமீட்டர்ல வளையம் நின்னுக்கிட்டு இருந்திருக்கும்."

தங்கராஜு பலகையைப் பார்த்தார். சிறப்பு விருந்தினர் ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் திறப்பு விழா மேடம்," என்றார். குரலில் இப்போது எண்ணெய் இல்லை. "அவரு பேரு கெட்டா என் கிளை என்னாகும்? ஆயிரம் பேரு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. மெக்கானிக்குன்னா... இவன் கெட்டிக்காரன், எங்கேயாவது பொழைச்சுப்பான்."

"அந்த லெட்டரோடயா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

எலைஜா பேனாவைக் கல்லாவில் வைத்தான். கடிதத்தை நான்காக மடித்து மேடத்திடம் கொடுத்தான். பிறகு சுவரில் தொங்கிய பழந்துணியை எடுத்து, சைக்கிளின் முன்னால் மண்டியிட்டான்.

"டேய், அதைத் துடைக்காதே! அதுதான் உன் சாட்சி!" என்று கத்தினேன்.

"போட்டோ எடுத்துட்டீங்கல்லண்ணே?"

"எடுத்துட்டேன்."

"அப்ப சரி. காஞ்ச சந்தனம் உள்ளே போச்சுன்னா சீல் கெட்டுடும்." வலது காலைப் பளபளவென்று துடைத்தான். வளையத்தைக் கீழே இறக்கிவிட்டான். பிறகு எழுந்து, திங்கட்கிழமை மேசையிலேயே விட்டுப்போன இன்னொரு பம்பை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். அதுவும் அவனுடைய சொந்தப் பம்ப்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடு எலைஜா," என்றார் தங்கராஜு அவசரமாக. "நடந்ததை மறந்துடுவோம் லா."

எலைஜா வாசலில் நின்று திரும்பினான். நான்கு நாளில் முதல்முறையாக அவன் குரலில் கோபம் வந்தது.

"ஒம்பது வருஷமா சொல்றேன் பாஸ், கால்ல பொட்டு வைக்காதீங்கன்னு. ஒருநாளாவது நான் சொன்னதைக் கேட்டிருந்தீங்கன்னா, இன்னைக்கு நீங்க தப்பிச்சிருப்பீங்க."